அந்தப் பக்கத்து யானை

நான் முதல் தடவை எடுத்த யானைப் படத்தை எக்ஸ்ரே அக்காகிட்ட காட்டினப்போ, அவங்க யானையைப் பாக்கவே இல்ல. நிஜமா! தந்தத்துல வெயில் பட்டு ஜொலிக்குது, தும்பிக்கைல இருந்து தண்ணி சொட்டுது, நான் சந்தோஷத்துல குதிச்சுக்கிட்டு நிக்கறேன். அவங்க கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, ஸ்கிரீன்ல மூக்கு ஒட்டற அளவுக்குக் குனிஞ்சு, கீழ் ஓரத்துல இருந்த ஒரு நிழலைக் காட்டி, "இது யாரு? ஜீப்பை விட்டு இறங்கினீங்களா?"ன்னு கேட்டாங்க.

"அது என் தொப்பியோட நிழல்க்கா."

"தொப்பிக்கு கை இருக்குமா?"

நான் எழுந்து நின்னு, கேமராவைத் தூக்கிப் பிடிச்சு, என் நிழல் எப்படி விழும்னு சுவத்துல செஞ்சு காட்டினதுக்கு அப்புறம்தான் விட்டாங்க. அதுவும் முழுசா நம்பி இல்ல. "சரி, இப்போதைக்கு நம்பறேன்"னாங்க. அன்னைக்கே எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அதுக்கு அப்புறம் வருஷா வருஷம் வெயில் காலத்துல அந்த லாட்ஜுக்குப் போறேன்னா, பாதி யானைக்காக, பாதி இவங்களுக்காக.

அவங்க வேலை என்னன்னு சொல்லிடறேன். காட்டு ஓரத்துல இருக்கற சஃபாரி லாட்ஜ் அது. யாரு ஜீப்ல போய் யானையைப் படம் எடுத்தாலும், ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஆபீஸ் ரூமுக்கு வந்து படங்களை அக்கா கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுத்தான் போகணும். அந்த லாட்ஜோட வழக்கம் அது. அந்தப் படங்களை வெச்சு எந்த யானை எங்க இருக்கு, யாரு குட்டி போட்டிருக்கா, யாரு கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சுட்டான்னு அக்கா பாத்து வெப்பாங்க. கூடவே, ஜீப் எந்தெந்த இடத்துக்குப் போச்சுன்னும் பாப்பாங்க. டிரைவர்களுக்கு இந்த ரெண்டாவது விஷயம்தான் பயம். ‘எக்ஸ்ரே’ன்னு பேர் வெச்சதும் அந்த டிரைவருங்கதான்.

இதுக்கு முன்னாடி அக்கா ஒரு பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூடியோல வேலை பாத்தவங்க. அங்க அவங்க பேசினதே நாலு வார்த்தைதான்: நிமிருங்க, சிரிக்காதீங்க, காது தெரியணும். கல்யாணப் பொண்ணா இருந்தாலும் சரி, போலீஸ்காரரா இருந்தாலும் சரி, ரெண்டு காதும் தெரியாம பட்டனை அமுக்க மாட்டாங்களாம். ஸ்டூடியோவை மூடினதும் இந்த லாட்ஜுல வரவேற்பு மேஜைக்கு வந்தாங்க. யானையை அடையாளம் கண்டுபிடிக்கறதும் காதை வெச்சுத்தான்னு யாரோ சொன்னதும், "அப்படின்னா அது நம்ம வேலைதானே"ன்னு கம்ப்யூட்டர் முன்னாடி வந்து உக்காந்தவங்க, இன்னும் எழுந்திருக்கல.

சந்தேகம்னா சாதாரண சந்தேகம் இல்ல. பால் பாக்கெட்டை மோந்து பாப்பாங்க, அப்புறம் பக்கத்துல நிக்கறவங்களையும் மோந்து பாக்கச் சொல்வாங்க. அவங்க வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். ‘இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டேன்’னு அவர் சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தா, ‘ஏன்?’னு கேப்பாங்களாம். "முப்பது வருஷமா நானும் பதில் தேடிட்டு இருக்கேன்"னு அவர் ஒருநாள் என்கிட்ட சொன்னாரு. அழறாரா சிரிக்கறாரான்னே தெரியல.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

அந்த லாட்ஜுல ஜீப் ஓட்டறவங்கள்ல ஒருத்தர் அக்காவோட சொந்தத் தம்பி. பொழுது சாஞ்சாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழட்ட மாட்டாரு, அதனால எல்லாரும் ‘ஹீரோ’ன்னு கூப்பிடுவாங்க. காட்டுக்குள்ள ஓட்டணும்னா ரேஞ்சர் கையெழுத்துப் போட்ட பாஸ் வேணும். ‘அவனுக்கு நான் பொறுப்பு சார்’னு ரேஞ்சர்கிட்ட சொல்லி அதை வாங்கிக் குடுத்தது அக்காதான். ஹீரோ அண்ணன் அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் தூங்குவாருன்னு அவர் வீட்டுக்காரம்மா சொல்வாங்க. லாட்ஜோட சமையல் அவங்க கையிலதான். கரண்டியை விட வாய் வேகமா ஓடும்.

காட்டுக்குள்ள ஒரு ஓடை இருக்கு. தண்ணி நடுவுல ஒரு பட்ட மரம், அதுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறை. ரெண்டுக்கும் நடுவுலதான் யானைங்க இறங்கும். ஜீப் எல்லாம் இந்தப் பக்கக் கரையிலதான் நிக்கணும். அந்தப் பக்கம் போகவே கூடாது. அங்க நாணல் புதர் ஆள் உயரத்துக்கு வளந்திருக்கும், தாய் யானைங்க சின்னக் குட்டிகளை அதுக்குள்ள விட்டுட்டுத்தான் தண்ணிக்கு வரும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல ஒரு ஜீப் போய் நின்னா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். யாராவது அந்தக் கரைக்குப் போனா அன்னைக்கே பாஸ் போயிடும். இதுல யாருக்கும் சலுகை கிடையாது.

இந்தத் தடவை நான் போயிருந்தப்போ ஒரு பல் டாக்டர் வந்திருந்தாரு. பெரிய லென்ஸ், பெரிய மனசு, யானையைப் பாத்தாலே தந்தத்தோட வேரைப் பத்தி பேச ஆரம்பிச்சுடுவாரு. ஹீரோ அண்ணன் ஜீப்லதான் போனாரு. காலையில ஊருக்குக் கிளம்பற அவசரத்துல, "இதுதான் என் பெஸ்ட், மத்ததை வீட்டுக்குப் போய் அனுப்பறேன்"னு அக்காகிட்ட ஒரே ஒரு படத்தை ஏத்திக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

அடடா, என்ன படம்! ஒரு பெண் யானை தண்ணிக்குள்ள கால் வெச்சு நடந்து வருது. பின்னாடி முழுக்கப் புழுதி, தங்கத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி. எனக்கு ஒரே பொறாமை.

அக்கா வழக்கம்போல யானையைப் பாக்கல. அப்புறம் மெதுவா, "ஏய் பொண்ணே, நீ எப்பவாவது ஓடையில மரத்தை வலது பக்கம் பாத்திருக்கியா?"ன்னு கேட்டாங்க.

நான் யோசிச்சேன். நம்ம கரையில இருந்து பாத்தா மரம் இடது பக்கம், பாறை வலது பக்கம். இந்தப் படத்துல பாறை இடது பக்கம், மரம் வலது பக்கம். அப்படித் தெரியணும்னா எதிர்க் கரையில நின்னு எடுத்திருக்கணும்.

"ஹீரோ அண்ணன் அப்படி எல்லாம்..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நீ அந்த ஜீப்ல இருந்தியா?"

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சு சொல்லு."

நான் யோசிக்கவே வேண்டாம், இருந்தாலும் யோசிச்சேன். அவங்க பாக்கற பார்வை அப்படி.

அதுக்கு அப்புறம்தான் யானையைப் பாத்தாங்க. இடது காதுல ஒரு துண்டு இல்ல, பிஸ்கட்டைக் கடிச்ச மாதிரி. இடது காதுல அப்படி ஒரு கடி உள்ள யானை அவங்க கணக்குலேயே கிடையாது. ‘டீச்சரம்மா’ன்னு ஒருத்தி இருக்கா, எப்பவும் கூட்டத்துக்கு முன்னாடி விறைப்பா நடப்பா, அவளுக்கு இருக்கற கடி வலது காதுல. அப்போ இவ வேற. அக்காவுக்கு எல்லாம் பொருந்திப் போச்சு. இந்தக் கரைக்கே வராத கூட்டத்து யானை, அதனாலதான் இத்தனை வருஷத்துல யாரு படத்துலயும் வரல. படத்தை பிரிண்ட் எடுத்து, கீழ ‘புதுசு’ன்னு எழுதி, சுவத்துல ஒட்டிட்டாங்க. ஒட்டின கையோட ரேஞ்சருக்குப் போன் போட்டு, "ஒரு படம் வந்திருக்கு சார், நேர்ல வந்து பாருங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. தம்பி பேரைச் சொல்லல.

போனை வெச்சுட்டு நேரா ஜீப் நிக்கற ஷெட்டுக்குப் போனாங்க. நானும் பின்னாடியே ஓடினேன். மத்த ஜீப் எல்லாம் சேறும் புழுதியுமா நிக்குது, ஹீரோ அண்ணன் ஜீப் மட்டும் பளபளன்னு கழுவி, சீட் எல்லாம் கழட்டி வெயில்ல காயுது. அக்கா அந்த ஈர டயர் முன்னாடி உக்காந்துட்டாங்க. டயர் சந்துல விரலை விட்டுத் தோண்டி, விரலையே பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. "பொறந்ததுல இருந்து அவன் தட்டைக் கூட கழுவினது கிடையாது"ன்னாங்க. குரல் கொஞ்சம் உடைஞ்சு போயிருந்துச்சு.

மத்தியானம் சமையல் ரூம்ல ஆரம்பிச்சுது. நான் ரொட்டியும் முட்டையும் தின்னுட்டு இருந்தேன். ஹீரோ அண்ணன் அடுப்பு மேடையில சாஞ்சு டீ குடிச்சுட்டு இருந்தாரு. அக்கா உள்ள வந்து, "ஜீப்பை ஏண்டா கழுவின?"ன்னு கேட்டாங்க.

"கழுவினாலும் தப்பாக்கா?"

"காரணத்தைச் சொல்லு."

"அந்தப் பல் டாக்டர் மேடு பள்ளத்துல வாந்தி எடுத்துட்டாருக்கா. பின் சீட்டு முழுக்க. நானே மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கழுவினேன்."

"நாலு பேர் உக்காந்த ஜீப்ல அவர் மட்டும் எடுத்தாரா?"

"அதுக்கு நான் எல்லாரையும் எடுக்கச் சொல்ல முடியுமா?"

சமையல் அக்கா கரண்டியை இடுப்புல வெச்சுக்கிட்டு, "அண்ணி, வாந்தியை பாட்டில்ல பிடிச்சு வெச்சிருந்தா நம்புவீங்களா?"ன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்து முட்டை புரை ஏறிடுச்சு.

எக்ஸ்ரே அக்கா சிரிக்கல. படத்தோட பிரிண்ட் ஒண்ணை மேடையில வெச்சாங்க. "இது எந்தக் கரை?"

ஹீரோ அண்ணன் கண்ணாடியைத் தூக்கிட்டுப் பாத்தாரு. முகத்துல பயமே இல்ல, நிஜமான குழப்பம்தான். தலையை அப்படியும் இப்படியும் சாய்ச்சாரு. அப்புறம், "எதிர்க் கரை மாதிரிதான் இருக்கு... ஆனா நான் அங்க போனப்போ பாறை மேல இவ்ளோ தண்ணி இல்லையே"ன்னாரு.

சொல்லி முடிச்சதும்தான் அவருக்கே புரிஞ்சுது. சமையல் அக்கா வாயைத் திறந்து, அப்படியே மூடிட்டாங்க. அவங்க வாய் தானா மூடினதை நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

"எப்போ போன?"

"டாக்டரோட இல்லக்கா. சத்தியமா. அது வேற ஒரு நாள். டீசல் போட்டுட்டுத் திரும்பி வரும்போது. தனியாத்தான்."

"எதுக்கு?"

அவர் சட்டைக்குள்ள இருந்து ஒரு சின்ன கேமராவை எடுத்து மேடையில வெச்சாரு. பழசு, மூடி இல்ல, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தாரு. "நாள் முழுக்க அடுத்தவங்க படம் எடுக்கறதுக்கு நான் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, சாவியில கை வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்க்கா. ஆடினா திட்டுவாங்க, தும்மினா திட்டுவாங்க. இத்தனை வருஷத்துல என் கையால ஒரு யானையை எடுத்தது கிடையாது. நாணல்ல ஒரு குட்டி பொறந்திருக்குன்னு தெரிஞ்சுது. ஒரே ஒரு படம், எடுத்துட்டு வந்துடலாம்னு..."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவர் ஜீப்ல எத்தனை தடவை உக்காந்து ‘அண்ணா ஆடாதீங்க, ஆடாதீங்க’ன்னு கத்தியிருக்கேன்!

"படம் வந்துச்சா?"ன்னு அக்கா கேட்டாங்க.

"எங்க. தாய் திரும்பிடுச்சு. காதை விரிச்சுக்கிட்டு நேரா வந்துச்சு. நான் ரிவர்ஸ்ல ஓடி வந்தேன். ஆடிப்போன ஒரு வால்தான் படத்துல இருக்கு."

அக்கா அந்தக் கேமராவைத் தொடவே இல்ல. "அதுக்கு அப்புறம்தான் அந்தக் கூட்டம் ஓடைக்கு வர்றதை நிறுத்திடுச்சு"ன்னாங்க. கேள்வியா இல்ல, தனக்குத்தானே சொன்ன மாதிரி. நிஜம்தான். கொஞ்ச நாளா குட்டி வெச்சிருக்கற தாய் யானைங்க ஓடைப் பக்கமே காணோம்னு எல்லா டிரைவரும் புலம்பிட்டு இருந்தாங்க. "அந்தத் தாய்க்கு இனிமே எந்த ஜீப்பைப் பாத்தாலும் உன் ஜீப்தான். அடுத்து யாரு போய் அவ முன்னாடி நிக்கப் போறாங்களோ."

"அதான் ஒண்ணும் ஆகலையே அண்ணி"ன்னாங்க சமையல் அக்கா.

"இன்னும் ஆகல"ன்னு சொல்லிட்டு எக்ஸ்ரே அக்கா போயிட்டாங்க.

மறுநாள் காலையில ரேஞ்சர் வர்றதுக்கு முன்னாடி ஆபீஸ் போன் அடிச்சுது. பல் டாக்டர். கழுத்துத் தலகாணியை ரூம்லயே விட்டுட்டுப் போயிட்டாராம். தலகாணி கிடைச்சுதான்னு சொல்லாமலே அக்கா, "சார், அந்தப் படத்தை எந்தக் கரையில நின்னு எடுத்தீங்க?"ன்னாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க, அதனால எல்லாம் கேட்டுச்சு.

"எல்லாரும் நின்ன கரையிலதான். ஏங்க?"

"மரம் வலது பக்கம் வருது சார்."

"ஓ, அதுவா! உங்ககிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே படத்தை நான்தான் ஃப்ளிப் பண்ணிட்டேன். கிளினிக்ல வரவேற்பு ஹால்ல மாட்டணும்ல? எடுத்தபடி மாட்டினா யானை வாசல் பக்கம் நடந்து போகுது. பேஷண்ட் எல்லாம் அது பின்னாடியே எழுந்து போயிடுவாங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா. திருப்பிட்டேன், இப்போ யானையே என் ரூமுக்குள்ள வர்ற மாதிரி இருக்கு, தைரியமா வருவாங்க! ஆமா, தலகாணி..."

அக்கா அப்படியே சுவத்தைத் திரும்பிப் பாத்தாங்க. ‘புதுசு’. இடது வலதாச்சு, வலது இடதாச்சு. இடது காதுல கடி. அது நம்ம டீச்சரம்மாதான்! எத்தனையோ வருஷமா தினமும் பாக்கற யானை. நானும்தான் ஏமாந்தேன், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஏமாந்தோம். கரையைச் சந்தேகப்பட்டாங்க, டயரைச் சந்தேகப்பட்டாங்க, வாந்தியைச் சந்தேகப்பட்டாங்க, படத்தை மட்டும் சந்தேகப்படல.

சேதி சமையல் ரூமுக்குப் போய்ச் சேந்ததும் அங்க ஒரே கொண்டாட்டம். ஹீரோ அண்ணன் ஆபீஸ் ரூமுக்கே வந்து வாசல்ல சாஞ்சுக்கிட்டு, "என்னக்கா, எக்ஸ்ரே மெஷின் ரிப்பேரா?"ன்னாரு. சமையல் அக்கா எல்லாருக்கும் டீ கொண்டு வந்தாங்க, அக்கா டம்ளர்ல மட்டும் ரெண்டு மடங்கு சர்க்கரை. "குடிங்க அண்ணி, மோந்து பாக்காம குடிங்க."

அந்த நேரம் பாத்து ரேஞ்சர் வந்தாரு. வயசானவர், முட்டி வலி, நாற்காலியில உக்காரும்போதே ‘அப்பா’ன்னு முனகுவாரு. அக்கா படத்தைக் காட்டி, எப்படி ஏமாந்தாங்கன்னு ஒண்ணையும் மறைக்காம சொன்னாங்க. ரேஞ்சர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "போங்கம்மா, நீங்களே ஏமாந்தா நாங்க எல்லாம் எம்மாத்திரம்!" கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்தவர், வாசல்ல ஹீரோ அண்ணனைப் பாத்ததும், "அப்போ நம்ம பசங்க யாரும் அந்தக் கரைக்குப் போகலதானே? நீங்க சொன்னா எனக்குப் போதும்"ன்னாரு.

அவர் சும்மாதான் கேட்டாரு. டாக்டர் படம் செல்லாமப் போயிடுச்சு, வேற சாட்சி இல்ல, தெரிஞ்சது எங்க நாலு பேருக்குத்தான். நான் மனசுக்குள்ள ‘அக்கா, ஆமான்னு சொல்லிடுங்க, ஆமான்னு சொல்லிடுங்க’ன்னு கெஞ்சிட்டு இருந்தேன். இப்பவும் அதை நினைச்சா என்ன சொல்றதுன்னு தெரியல.

அக்கா டம்ளரைக் கீழ வெச்சாங்க. "அவனையே கேளுங்க சார்."

ஹீரோ அண்ணன் கண்ணாடியை மூக்குக்கு ஏத்திக்கிட்டு, "போகல சார்"ன்னாரு. ரொம்ப வேகமா சொல்லிட்டாரு.

அக்கா அவரையே பாத்துட்டு இருந்தாங்க. எத்தனையோ பேரை அவங்க சந்தேகமா பாத்து நான் பாத்திருக்கேன். இது அந்தப் பார்வை இல்ல. இதுல சந்தேகமே இல்ல, அதான் பாக்க முடியல.

"பொய் சொல்றான் சார். போயிருக்கான். தாய் துரத்தியிருக்கு. அந்த வழியைக் கொஞ்ச நாளைக்கு மூடிடுங்க, குழந்தைங்களோட ஜீப் போகுது."

சமையல் அக்கா கையில இருந்த தட்டு மேஜையில விழுந்துச்சு. ரேஞ்சர் திரும்ப மெதுவா உக்காந்தாரு, இந்தத் தடவை முனகல. ஹீரோ அண்ணன் கழுத்துல இருந்து பாஸைக் கழட்டினாரு. ரேஞ்சர் கையை நீட்டினாரு. அண்ணன் அங்க குடுக்காம, நேரா வந்து அக்கா கையில வெச்சாரு.

"நீதானே வாங்கிக் குடுத்த. நீயே வெச்சுக்க."

அக்கா உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க. அழுதுடுவாங்கன்னு நினைச்சேன். ஆனா பாஸை ரேஞ்சர்கிட்ட குடுக்கறதுக்குப் பதிலா நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, "எப்போ திருப்பித் தருவீங்க?"ன்னு கேட்டாங்க.

"பாக்கலாம்மா. மழைக்கு அப்புறம்..."

"எந்த மழை? முதல் மழையா, கடைசி மழையா?"

"அட, குடுப்பேன்மா. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல சார்."

ரேஞ்சர் அக்காவைப் பாத்தாரு, தம்பியைப் பாத்தாரு. அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னாடி தள்ளி, பேனா மூடியைக் கழட்டி நீட்டினாங்க. "வாயால சொன்னா எனக்கு ஆகாது. எழுதிக் குடுங்க. அவன் போகலன்னு பொய் சொன்னதுக்கு வேற தண்டனை குடுக்க மாட்டேன்னும் எழுதுங்க. அப்புறம்தான் இதைக் குடுப்பேன்."

ஹீரோ அண்ணன் யாரையும் பாக்காம ஜன்னல் பக்கம் திரும்பி நின்னாரு. தோள் மட்டும் குலுங்குச்சு. ரேஞ்சர் பெருமூச்சு விட்டுட்டு பேனாவை வாங்கி எழுத ஆரம்பிச்சாரு.

விழுந்த தட்டைத் துடைச்சுக்கிட்டே, மூக்கை உறிஞ்சிக்கிட்டே, யாரு முகத்தையும் பாக்காம சமையல் அக்காதான் முதல்ல பேசினாங்க.

"தேதி போடச் சொல்லுங்க அண்ணி."